ஒன்பதரை அடிக் கோலில் ஓர் எட்டு

லைல் புக்கிலாவின் தூண்டில் கடையில், கல்லாவுக்கு முன்னால் உள்ள தரையில் எட்டு என்ற எண் ஒன்று தேய்ந்து கிடக்கிறது. யாரும் அதை வரையவில்லை. நாற்பது வருடமாகத் தூண்டில் கோல் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் நின்று, கோலின் நுனியைத் தரையில் வைத்து எட்டு போட்டுப் பார்த்ததில், லினோலியம் விரிப்பின் பச்சை போய் அடியிலிருந்த கறுப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. புதுத் தரை போடு என்று லைலின் மனைவி சொல்லாத நாளில்லை. லைல் மாட்டேன் என்கிறான். எட்டு இருக்கிற இடத்தில் போய் யாராவது புதுத் தரை போடுவார்களா?

மஸ்கி மீன் அப்படிப்பட்டது. வீசின பொய் இரைக்குப் பின்னாலேயே படகுவரை வரும். வந்து கடிக்காது. வரிக் கடிதத்தைப் படிக்கிறவர் மாதிரி இரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். அந்த நேரத்தில் இரையைத் தண்ணீரைவிட்டுத் தூக்கினவன் முட்டாள். கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, படகை ஒட்டி எட்டு போட வேண்டும். மீனும் கூடவே திரும்பும். மனசிருந்தால் கடிக்கும், பெரும்பாலும் மனசிருக்காது. அதனால் வடக்கு விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் எட்டு போட்டுப் பார்க்காமல் யாரும் கோல் வாங்குவதில்லை. ஒருவர் எட்டு போடும்போது மற்றவர் குறுக்கே நடப்பதில்லை. அவர் கையில் இருக்கிற கோலைத் தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வயசான மனுஷர்கள் நாலு பேர் காபிக் கோப்பையோடு ஒதுங்கி நின்று, தரையில் இல்லாத மீனை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே, வெறுங்கையோடு திரும்பிப் போகிறவர்கள்தானே.

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அளவு நாடாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆர்டிஸ் ரிண்டால் அந்தக் கடைக்குள் வந்தாள். பின்னாலேயே அவள் கணவன் டுவேன் வந்தான். அவனை அவள் கூப்பிடவில்லை. பிக்கப் வண்டியின் சாவி அவனிடம் இருந்தது, அவ்வளவுதான்.

ஆர்டிஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பொதிகளை அளந்தும் எடைபோட்டும் ஓய்வு பெற்றவள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. லைல் கடைப் பலகையில் பெயர் ஏறுகிற அளவுக்கு, அதாவது நாற்பது அங்குலத்துக்குக் குறையாமல், ஒரு மஸ்கி. அது அவள் வீசின இரையில், அவள் போட்ட எட்டில், அவள் கையில் இருக்கிற கோலில் மாட்ட வேண்டும். நடுவில் இன்னொரு கை வரக் கூடாது. பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. இருபத்தேழு வருடமாக டுவேனோடு சேர்ந்து படகில் போகிறாள். இன்னும் அது நடக்கவில்லை.

நடக்காததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. படகின் முன்பக்கம் நிற்கிறவர் காலில்தான் மோட்டாரின் மிதி இருக்கும். படகு எங்கே போக வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார். புதுத் தண்ணீரில் முதலில் வீசுவதும் அவர்தான். பின்பக்கம் நிற்கிறவர், முன்னால் நிற்கிறவர் வாரிவிட்டுப்போன தண்ணீரில் வீச வேண்டும். டுவேன் முன்பக்கம். ஆர்டிஸ் பின்பக்கம். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. முதல் நாள் அப்படி நின்றார்கள், நின்றது நின்றதுதான். டுவேன் இதுவரை அறுபத்தொரு மஸ்கி பிடித்திருக்கிறான். பிடித்து, அளந்து, படம் எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப விட்டிருக்கிறான். அறுபத்தொரு படத்தையும் எடுத்தவள் ஆர்டிஸ்.

போன வருடம் செப்டம்பரில் நடந்தது வேறு. மிட்டன் ஏரியில், டுவேன் வீசி முடித்த நாணல் ஓரத்தில், பின்பக்கத்திலிருந்து ஆர்டிஸ் வீசினாள். இரைக்குப் பின்னால் ஒரு மீன் வந்தது. அதன் தலை மட்டுமே அடுப்பு விறகு நீளம் இருந்தது. ஆர்டிஸ் தன் ஏழடிக் கோலைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போட ஆரம்பித்தாள். மீன் கூடவே திரும்பியது. இரண்டாவது சுற்று திரும்பும்போது டுவேன் பாய்ந்து வந்து, “கொண்டா இங்க!” என்று கோலைப் பிடுங்கிக்கொண்டான். அரைச் சுற்று. மீன் கடித்தது. ஐம்பத்தோரு அங்குலம். ஆர்டிஸ் வலையைப் பிடித்தாள், பிறகு படம் எடுத்தாள்.

“உன் எட்டு ரொம்பச் சின்னதா இருந்துது ஆர்டிஸ்,” என்று வீட்டுக்கு வரும் வழியில் டுவேன் சொன்னான். “இன்னொரு சுத்து விட்டிருந்தா மீன் போயிருக்கும். நான் வாங்கினதாலதான் கிடைச்சுது.”

அவள் அதை நம்பினாள். ஏழடிக் கோலில் எட்டு சின்னதாகத்தானே வரும்? அறுபது மீன் பிடித்தவன் சொல்கிறான். ஒன்றுகூடப் பிடிக்காதவள் என்ன பதில் சொல்வாள்? கடையில் டுவேன் பெயர் பலகையில் ஏறியது. அந்த மீன் யார் கோலில் வந்தது என்பது டுவேனுக்கும் ஆர்டிஸுக்கும் மீனுக்கும் மட்டும் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆர்டிஸ் அன்றிலிருந்து பதின்மூன்று மாதம், டுவேன் தூங்கப் போனதும், தரை துடைக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் எட்டு போட்டுப் பழகினாள். அக்டோபரில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒன்பதரை அடிக் கோல் வாங்கிவிடுவது.

“ஒம்பதரை அடி ராடு வேணும் லைல்,” என்றாள்.

“அவளுக்கு எட்டடி போதும்,” என்றான் டுவேன்.

லைல் இரண்டு பேரையும் பார்த்தான். அவனும் டுவேனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. “ராடு யாருக்கு?”

“எனக்கு,” என்றாள் ஆர்டிஸ்.

“அப்ப நீ கொஞ்சம் சும்மா இரு டுவேன். சொல்லுங்க ஆர்டிஸ்.”

“ஒம்பதரை அடி நம்ம படகுல ராடு வைக்கற பெட்டியில போகாதுன்னு சொல்றேன். வேறென்ன சொன்னேன்?” என்றான் டுவேன். “வெளிய கிடந்தா யாராவது மிதிப்பாங்க.”

“யாராவதுன்னா நீதான். படகுல இருக்கறது ரெண்டே பேரு,” என்றாள் ஆர்டிஸ். “அதனாலதான் டெலஸ்கோப் ராடு கேக்கறேன் லைல். நீட்டினா ஒம்பதரை, உள்ள தள்ளினா பெட்டியில அடங்கணும்.”

காபி இயந்திரத்தின் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வெர்ன் சொபோட்கா. எழுபத்தாறு வயது. தினம் காலை ஏழு மணிக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து போவார். கடைசியாக எப்போது காசு கொடுத்து ஒன்றை வாங்கினார் என்று லைலுக்கே ஞாபகமில்லை. காபி இலவசம்.

“டெலஸ்கோப்பா! ரேடியோ ஏரியலா வாங்கப்போற ஆர்டிஸ்? ஞாயித்துக்கிழமை புட்பால் கமென்டரி நல்லாக் கேக்கும்.”

“உங்க காதுக்கு அதுவும் கேக்காது வெர்ன்,” என்றாள் அவள்.

லைல் உள்ளே போய் மூன்று கோல்களை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான். முதலாவது உள்ளே தள்ளினால் இரண்டடி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பன்னிரண்டு துண்டு.

“இதுல மஸ்கி மாட்டினா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“பன்னெண்டு துண்டும் பன்னெண்டு பக்கம் போகும்.”

“அப்புறம் எதுக்கு விக்கற?”

“சிகாகோக்காரங்க கேக்கறாங்க. பையில வெச்சுக்கிட்டு சைக்கிள்ல போவாங்களாம்.” லைல் அதை எடுத்துத் தன் காலடியில் போட்டான். “ரெண்டாவது பத்தடி. உள்ள தள்ளினா சரியா எட்டடி. மூணாவது ஒம்பதரை. இதுல மேல எந்த இணைப்பும் கிடையாது, கைப்பிடி மட்டும் உள்ள போகும். தள்ளினா ஏழடி ஒம்பதரை இன்ச்சு.”

“ரெண்டாவதை எடு,” என்றான் டுவேன். “நம்ம பெட்டி எட்டடி. இது எட்டடி. முடிஞ்சுது வேலை.”

“பெட்டி ஏழடி பத்தரை இன்ச்சு,” என்றாள் ஆர்டிஸ்.

“படகு வாங்கினப்போ குடுத்த புத்தகத்துல எட்டடின்னு போட்டிருக்கு.”

“புத்தகத்தை எழுதினவன் கீலை மறந்துட்டான். பின்பக்கம் அதோட போல்ட்டு ஒன்றரை இன்ச்சு நீட்டிக்கிட்டிருக்கு. காலைல நான் உள்ள படுத்து அளந்தேன்.” அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். கூடவே ஒரு காகிதம். அதில் பெட்டியின் நீளம், அகலம், ஆழம், போல்ட்டின் நீளம் எல்லாம் தபால் நிலையத்துக் கையெழுத்தில் இருந்தன.

“பத்தொம்பது வருஷமா அந்தப் பெட்டியை வெச்சிருக்கேன்,” என்றான் டுவேன். “எனக்குத் தெரியாதா?”

“பத்தொம்பது வருஷமா எட்டடி ராடை உள்ள வெச்சுப் பாத்தியா?”

அவன் வைத்துப் பார்த்ததில்லை. அவனிடம் இருப்பதெல்லாம் ஏழரை அடி. லைல் காகிதத்தைப் படித்தான். “போல்ட்டு இடிச்சா நுனி ஒடிஞ்சுடும்யா. ஒன்றரை இன்ச்சுதானே, விட்டுக்குடேன். செத்தா போயிடுவே?”

டுவேன் விட்டுக்கொடுத்தான் என்று சொல்ல முடியாது. பேசாமல் இருந்தான். அவன் அகராதியில் அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆர்டிஸ் மூன்றாவது கோலை எடுத்தாள். கைப்பிடியைக் கடைசிவரை வெளியே இழுத்து, ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை திருகினாள். வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தாள். தேய்ந்த எட்டின் முன்னால் போய் நின்றாள். பூட்ஸ் காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தாள். நுனியைத் தரையில் வைத்தாள்.

முதல் சுற்றிலேயே லைல் கையைக் கட்டிக்கொண்டான். அது அவன் கவனிக்கிறான் என்பதற்கு அடையாளம். நேர்க்கோட்டில் நுனி வேகமாகப் போனது. திருப்பத்தில் அகலமாகச் சுற்றியது. அந்த இடத்தில் அவள் கொஞ்சம் ஆழமாக அழுத்தி, வெளியே வரும்போது மேலே தூக்கினாள். மனித அவசரம் எதுவும் அதில் இல்லை. தேய்ந்த எட்டுக்கு ஒரு சாண் வெளியே, அதைவிடப் பெரிய எட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்று. வெர்ன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மீனு இருக்குது,” என்றார் மெதுவாக.

மூன்றாவது சுற்று ஆரம்பித்தது. அந்த நேரத்தில் டுவேன், “இல்ல, இல்ல, மூலையில இழு, இழுன்னா... கொண்டா இங்க!” என்று சொல்லி, அவள் கையிலிருந்து கோலைப் பிடுங்கினான்.

பிடுங்கி அரைச் சுற்று போட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் தான் கடையில் இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

ஆர்டிஸின் இரண்டு கைகளும் கோலைப் பிடித்திருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றன. அவள் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தானாக வந்துவிட்டது.

“போன வருஷம் செப்டம்பர்ல பண்ணின அதே மாதிரி.”

காபி இயந்திரம் புஸ்ஸென்றது. வெர்ன் சொபோட்காவுக்குக் காது கேட்காது என்று ஊரே சொல்லும். இது கேட்டுவிட்டது.

“போன வருஷம் செப்டம்பர்ல என்ன?” என்றார்.

நான்கு பேரும் சுவரில் மாட்டியிருந்த போன வருடத்துப் பலகையைப் பார்த்தார்கள். முதல் வரியில் டு. ரிண்டால், ஐம்பத்தொன்று, மிட்டன் ஏரி. எல்லாப் பெயர்களுக்கும் கீழே, லைலின் அப்பா காலத்திலிருந்து வருடா வருடம் எழுதப்படும் சிவப்பு வரி: ‘கோல் கைமாறினால் பெயர் ஏறாது.’ எங்கள் பக்கத்தில் ஒருவன் வரி கட்டாமல் இருக்கலாம், சர்ச்சுக்குப் போகாமல் இருக்கலாம், பக்கத்து வீட்டு மானைச் சுட்டுக்கூட மன்னிப்பு வாங்கிவிடலாம். இந்த ஒரு வரிக்கு மன்னிப்பு வாங்கினவர் யாரையும் எனக்குத் தெரியாது.

“வீசினது யாரு டுவேன்?” என்று கேட்டான் லைல்.

டுவேன் கோலை மேசைமேல் மெதுவாக வைத்தான். காது மடல் சிவந்துவிட்டது. “அவதான்.”

“எட்டு?”

“அவதான் போட்டுக்கிட்டிருந்தா. ரெண்டாவது சுத்துல நான் வாங்கினேன்.”

“வாங்கினியா?”

“பிடுங்கினேன்.”

லைல் பலகையிடம் போய், முதல் வரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். “ஏப்ரல்லயே வார்னிஷ் அடிச்சுட்டேனே,” என்றான். “இனி அழியாது.”

“உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா?” என்று வெர்ன் கேட்டார்.

“ரெண்டு தடவை அடிச்சிருக்கேன். தேய்ச்சா மரம் போயிடும்.”

“மேல ஒரு தகடு வெச்சு ஆணி அடிச்சுடு.”

“ஆணி அடிச்சா வெடிக்கும் வெர்ன். அது சிடார்.”

சிடார் வெடிக்குமா வெடிக்காதா என்று இரண்டு பேரும் ஐந்து நிமிடம் பேசினார்கள். ஒரு மனுஷனின் மானம் போகிற நேரத்தில் மரத்தைப் பற்றிப் பேசுகிற ஜனங்கள் நாங்கள். வேறு எதைப் பற்றிப் பேசுவது? டுவேன் அதுவரை நின்று கேட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு பிக்கப்புக்குப் போய்விட்டான்.

ஆர்டிஸ் கோலுக்குப் பணம் கொடுத்தாள். லைல் அதை நீளமான காகிதப் பையில் போட்டுக் கொடுத்தான். “உங்க எட்டு பிரமாதம் ஆர்டிஸ்,” என்றான். இரக்கப்பட்டுச் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பதினான்கு மைல். கோல் இரண்டு பேருக்கும் நடுவில், பின்கண்ணாடியிலிருந்து முன்கண்ணாடிவரை சாய்ந்து கிடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் டாமராக் மரங்கள் மஞ்சளாகி ஊசியிலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. மழையா பனியா என்று முடிவு செய்யாத ஏதோ ஒன்று கண்ணாடியில் விழ ஆரம்பித்தது.

“உன் எட்டு நல்லாத்தான் இருந்துது,” என்றான் டுவேன்.

“ராடு நல்ல ராடு.”

“இன்னைக்கு இல்ல. அன்னைக்கு.”

ஆர்டிஸ் அவன் பக்கம் திரும்பினாள். “சின்னதா இருந்துதுன்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“அப்ப எதுக்குப் பிடுங்கினே?”

டுவேன் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நல்லா இருந்ததாலதான். மீனு வாயைத் தொறந்துச்சு ஆர்டிஸ். நான் பாத்தேன். கடிக்கப்போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த மாதிரி மீனு என் ஆயுசுல எனக்கு வந்ததில்ல. உனக்கு முதல் மீனே அதுவா வருது. என்னால தாங்க முடியல.”

ஒரு மீனுக்காக என்றால்கூடப் பொறுத்துக்கொள்வாள். பதின்மூன்று மாதம். ஒவ்வொரு ராத்திரியும் சமையலறையில், ஈரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, எங்கே தவறு செய்தேன் என்று தேடித் தேடிச் சுற்றியிருக்கிறாள். தவறே இல்லாத இடத்தில் தவறைத் தேடியிருக்கிறாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“வண்டியை நிறுத்து,” என்றாள்.

நிறுத்தினான். அவள் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு, சாலை ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். டுவேன் மினுக்கும் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, அவள் நடக்கிற வேகத்திலேயே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான். இப்படியே முக்கால் மைல் போனார்கள். எதிரே வந்த ஒரு கார் நின்றது. லூத்தரன் சர்ச்சின் பாதிரியார். கண்ணாடியை இறக்கினார்.

“எல்லாம் சரியா இருக்கா ஆர்டிஸ்?”

“நடக்கறேன் பாஸ்டர்.”

“டுவேன்?”

“அவன் ஓட்டறான்.”

பாதிரியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

கோட்டு நனைந்து கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியதும் ஆர்டிஸ் திரும்பி வந்து ஏறினாள். சூட்டை அதிகமாக்கினாள். வாசலில் வண்டி நின்றதும் சொன்னாள்:

“நாளைக்கு முன்னாடி நான் நிக்கறேன். மோட்டார் என் கால்ல. நீ பின்னாடி நின்னு நான் விட்ட தண்ணியில வீசு. நான் கேக்காம நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“வலை?” என்றான் டுவேன்.

“கேட்டா எடு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு மிட்டன் ஏரியில் அவர்கள் படகு மட்டும்தான் இருந்தது. ஆர்டிஸ் கோலைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். போல்ட்டில் இடிக்காமல் ஒரு அங்குலம் மிச்சம் வைத்து அது அடங்கியிருந்தது. டுவேன் அதைப் பார்த்தான், பேசவில்லை. அவள் கைப்பிடியை இழுத்துத் திருகிப் பூட்டினாள். முன்பக்கம் போய் நின்று மிதியில் காலை வைத்தாள். படகு இடது பக்கம் ஒரு முழு வட்டம் சுற்றியது. இன்னொரு வட்டம் சுற்றியது. பிறகு நாணலுக்குள் போய் மோதி நின்றது. டுவேன் தெர்மாஸிலிருந்து காபியை ஊற்றிக் குடித்தான்.

பத்து மணிக்கு மிதி அவள் காலுக்குப் பழகியது. பதினொரு மணிக்கு விரல்கள் மரத்துப்போயின. மான் இறைச்சி சாஸேஜைக் கத்தியில் குத்தி டுவேன் நீட்டினான். அவள் நின்றபடியே தின்றாள். பன்னிரண்டு மணி சுமாருக்கு, பாறைத் திட்டின் ஓரத்தில், இதுவரை யாரும் வீசாத தண்ணீரில், இரண்டு பித்தளைத் தகடுகள் சுழலும் பொய் இரையை அவள் வீசி இழுத்தாள். அதற்குப் பின்னால் தண்ணீர் கறுத்தது.

மீன். இரைக்கு ஒரு சாண் பின்னால், அசையாத மாதிரி அசைந்துகொண்டு, படகுவரை வந்தது.

ஆர்டிஸ் நுனியைத் தண்ணீருக்குள் விட்டாள். முதல் சுற்று. ஒன்பதரை அடியும் வேலை செய்தது. எட்டு அகலமாகப் போனது, மீன் வளைய இடம் இருந்தது, வளைந்தது. அதன் பக்கவாட்டுப் பட்டைகளை அவளால் எண்ண முடிந்தது. இரண்டாவது சுற்று. செவுள் விரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை கிறீச்சிட்டது. டுவேன் எழுந்திருக்கிறான். அவள் உடம்பெல்லாம் அந்தக் கைக்காகக் காத்திருந்தது.

கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக அவர்கள் படகில், மீன் பக்கத்தில் இருக்கும்போது, தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது சுற்றின் திருப்பத்தில் அவள் அவசரப்பட்டாள். கொஞ்சம்தான். நுனி ஒரு கணம் முன்னால் வந்துவிட்டது. மீன் நின்றது, இரையைப் பார்த்தது, விளக்கைத் தணிப்பது போல மெல்லக் கீழே இறங்கி மறைந்தது.

அவள் இன்னும் நான்கு சுற்று போட்டாள். பிறகு கோலைத் தூக்கினாள். திரும்பிப் பார்த்தாள். டுவேன் வலையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான், வலையின் கம்பு வளைகிற அளவுக்கு.

“மூலையில நான் அவசரப்பட்டேன்,” என்றாள்.

டுவேன் தலையை மட்டும் ஆட்டினான்.

“நான்தான் விட்டேன்,” என்றாள் மறுபடியும். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு நிறைந்து வந்த சிரிப்பு. மீன் போய்விட்டது, அதை யாரும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. தன் கையால், தன் தவறால், தானே விட்டாள். இனி எந்தக் கடையில், யார் முன்னால் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம். “பாத்தியா டுவேன்? நான் விட்டேன்!”

கடிக்காமல் போன மீனின் நீளத்தைச் சொல்லும் உரிமை அதைப் படகுவரை வரவழைத்தவருக்குத்தான். படகில் கூட இருக்கிறவர் சாட்சி. சாட்சி அந்த அளவை ஒப்புக்கொண்டால், பிறகு ஊரில் யாரும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது. அறுபத்தொரு மீனை அளந்தவன் டுவேன். அந்த மீன் நாற்பத்திரண்டு, வாலின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து அளந்தால் நாற்பத்து மூன்று என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும்.

“எத்தனை இன்ச்சு இருக்கும்?” என்று அவளே கேட்டாள்.

“உன் மீனு. நீ சொல்லு.”

ஆர்டிஸ் மீன் இறங்கின இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் பொதிகளை அளந்தவள், அதில் ஒரு அரை அங்குலம்கூடப் பிசகினதில்லை.

“அம்பத்து மூணு,” என்றாள்.

டுவேனும் தண்ணீரைப் பார்த்தான். வலையை மெதுவாகக் கீழே வைத்தான்.

“வாலைச் சேத்தா, சேக்காமலா?” என்று கேட்டான்.

“சேக்காம.”

“சரி,” என்றான் டுவேன். தன் கோலை எடுத்துக்கொண்டு, அவள் விட்ட தண்ணீரில் வீசினான்.